முக்கால் மாத்திரை

கடலூரில் சிதம்பரம் பேருந்து ஏறுகிறவர்கள் ஜன்னலோரம் தேடுவார்கள். டிலேதாசர் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் தேடுவார். காற்றுக்காக அல்ல, வண்டி வளையும்போது இண்டிகேட்டர் போடும் ‘டிக் டக்’கை எண்ணுவதற்காக. அது நிமிடத்துக்கு 60-இலிருந்து 120 தடவைக்குள் அடிக்க வேண்டும் என்பது வாகனக் கணக்கு. இந்த வண்டி 84-இல் அடிக்கிறதா, 88-இல் அடிக்கிறதா என்பது தாசர் கணக்கு. ஆலப்பாக்கம் வருவதற்குள் 84 என்று தீர்ந்துவிடும். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் 60,000-ஐ அந்த 84-ஆல் வகுத்து, முக்காலால் பெருக்கி, 535.7 என்று மொய்க் கவரின் பின்பக்கம் எழுதிவிடுவார். பெயர் நாம் வைத்தது. ஆள் ஒருவரல்ல, ஒரு ரகம். பகலில் செல்போன் கடையிலோ தனியார் பள்ளியிலோ வேலை. இரவில் மெல்லிசைக் குழுவில் கிடார். ஆடி பிறந்துவிட்டால் மஞ்சக்குப்பத்தில் கூழ் ஊற்றும் விழா, புவனகிரிப் பக்கம் செடல் என்று ஓய்வே இருக்காது. குழுவில் பாடகர் தொண்டையைப் பார்த்துக்கொள்வார், கீபோர்டுக்காரர் பேமெண்டைப் பார்த்துக்கொள்வார், தாசர் மில்லி செகண்டைப் பார்த்துக்கொள்வார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கிணற்றை எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டால் கிணறும் அதையே திருப்பிக் கூப்பிடும். டிலே பெடல் என்பது காலடியில் வைத்துக்கொள்ளும் கிணறு. ஆழத்தை மட்டும் குமிழைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதை ஓடும் காந்த நாடாவை வைத்துச் செய்தார்கள். ரோலண்ட் கம்பெனி 1974-இல் விட்ட ஸ்பேஸ் எக்கோ அந்த வகை, ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். எண்பதுகளில் அது டிஜிட்டலாகிச் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சுருங்கியது. குமிழ்கள் முக்கியமாக மூன்று. எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வரவேண்டும், எத்தனை தடவை வரவேண்டும், எவ்வளவு சத்தமாக வரவேண்டும். கணக்கும் எளிது. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லி செகண்ட். பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு போனால் ஒரு தட்டுக்கு 500. அதில் முக்கால், 375. இந்த முக்காலில்தான் மாயம் இருக்கிறது. ஒரு தட்டை நான்காகப் பிரித்துச் சீராக வாசித்தால், எதிரொலி மூன்று மாத்திரை தள்ளி விழும். வாசிப்பவர் தகதிமி சொல்ல, கிணறு தகிட சொல்கிறது. இரண்டும் பின்னிக்கொண்டு, ஒரு கிடார் இரண்டு கிடாராகிவிடும். யூ2 குழுவின் எட்ஜ் இதை வைத்தே ஒரு வாழ்நாளை ஓட்டிவிட்டார். 1987-இல் வந்த ‘ஜோஷுவா ட்ரீ’ தொகுப்பின் முதல் பாட்டைக் கேட்டால் புரியும். தாசரும் அதைக் கேட்டுத்தான் கெட்டுப்போனார்.

எண்ணில் அவர் காட்டும் நுணுக்கத்தை நம் முன்னோர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். கால், அரை, முக்கால், வீசம், காணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ஒரு செகண்டில் முந்திரி என்றால் மூன்று மில்லி செகண்டுக்குச் சற்று மேல். தாசருக்கு அது மொத்த வியாபாரம். பண்ருட்டிப் பக்கம் மரத்தில் விளைகிற முந்திரியைப் போல அதையும் உடைத்து, உள்ளே பருப்பைத் தேடுவார். 80 என்ற வேகத்துக்கு 562.5 வருகிறது, பெடல் அரையை ஏற்காது. 562 வைப்பதா, 563 வைப்பதா என்று ஒரு மாலைப்பொழுது யோசிப்பார். 128-இல் போகும் பாட்டின் முழுத் தட்டும், 96-இல் போகும் பாட்டின் முக்கால் தட்டும் ஒரே எண், 468.75 என்று தெரிந்த நாளில் குழுவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார். 96 என்பதே 128-இல் முக்கால்தானே, அப்புறம் வேறென்ன வரும் என்று கேட்டுவிடாதீர்கள். டீ ஆறிவிடும்.

இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்துக்குச் சிரிக்கிறார்கள். ‘பாட்டுக்கு எதுக்குப்பா கணக்கு?’ என்பது அவர்கள் வாதம். தாளமே கணக்கு என்கிற ஊரில் இந்த வாதம் நிற்காது. என் வாதம் வேறு. தாசரின் எண்ணில் பிழை கிடையாது. எந்தக் கடிகாரத்தை நம்பி அதைப் போட்டார் என்பதில்தான் பிழை. அவர் வீட்டில் ஒலிப்பதிவைப் போட்டு எண்ணுகிறார். மேடையில் வாசிப்பது ஒலிப்பதிவு அல்ல. முத்தாலம்மன் கோயில் திடலில், இரவு பதினொரு மணிக்கு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்த ஏழு பேர். வீட்டில் 112 என்று கணக்கான பாட்டு, மேடையில் 112-இல் தொடங்கும். பல்லவி முடியும்போது பையன்கள் முன்னால் வந்து ஆடுவார்கள். ரிதம் பேட்காரருக்குக் கை சூடாகும். இரண்டாம் சரணத்தில் 118 ஆகியிருக்கும். ஒன்ஸ்மோர் கேட்டால் அதற்கும் மேலே. இது குற்றமல்ல, விழாவின் சுபாவம். ஆனால் பெடலுக்கு விழா தெரியாது. 112-க்கு முக்கால் 402 மில்லி செகண்ட்; 118-க்கு 381. வித்தியாசம் 20 சொச்சம். இவ்வளவுதானே என்று தோன்றும். முதல் எதிரொலி 20 பிந்தும். காது அதை மன்னித்துவிடும், ஏனெனில் முப்பது நாற்பது மில்லி செகண்டுக்குள் வரும் இரண்டு சத்தங்களை அது ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறது. இரண்டாவது எதிரொலி 41 பிந்தும். மூன்றாவது 61. ஆறாவதுக்கு வரும்போது அது இந்தப் பாட்டைச் சேர்ந்ததா, பக்கத்துத் தெரு விழாவைச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. தாசர் எதிரொலியை ஆறுக்குக் குறைத்து வைத்து யாரும் பார்த்ததில்லை.

இதற்கு அவர் தரப்பில் ஒரு பதில் உண்டு: டேப் டெம்போ. பெடலில் ஒரு பொத்தானைத் தாளத்துக்கு இரண்டு மூன்று முறை காலால் தட்டினால், பெடல் தானே வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டுவது யார் கால்? பாட்டு ஓடுகிறபோது அதே ஓட்டத்தில் தானும் இழுபடுகிற கால். போதாக்குறைக்கு வலது கை மீட்டுகிறது, இடது கை பிடிக்கிறது, தலை பாடகரின் ஜாடையைப் பார்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் கால் சொல்லும் சாட்சியத்தை எந்தக் கோர்ட் ஏற்கும்? பழைய ரகப் பெடலாக இருந்தால் நேரத்தை மாற்றும் கணத்தில் உள்ளே இருக்கும் எதிரொலியின் சுருதியும் சேர்ந்து வழுக்கும். சோகப் பாட்டின் நடுவே பூனை வாலை மிதித்த சத்தம் வரும். இன்னொரு பதில், ‘ஒரிஜினல்ல அப்படித்தான் இருக்கு’ என்பது. எந்த ஒரிஜினலில்? எழுபது, எண்பதுகளின் திரைப்பாட்டுகளில் பெரும்பாலானவை, கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து, நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தவை. அவற்றின் வேகம் சரணத்துக்குச் சரணம் ஒரு நூலிழை மூச்சு விடும். அந்த மூச்சுக்குச் சராசரி எடுத்து 104.3 என்று எழுதினால், பாட்டில் எந்த இடத்திலும் இல்லாத ஒரு வேகத்தைக் கண்டுபிடித்த பெருமை கிடைக்கும். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் வந்த ‘இளைய நிலா’ கிடார்க்காரர்களுக்கெல்லாம் நுழைவுத் தேர்வு. அதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் துளி துளியாக விழ வேண்டும். அதன்மேல் ஆறு எதிரொலி போடுவது, கோலத்தின்மேல் குடம் தண்ணீர் ஊற்றுவது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைத் தாசர் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. இந்தப் பக்கத்துத் திடல்களில் கூட்டத்தை எழுப்புவது எந்தத் தாளம்? தகதிமி அல்ல, டப்பாங்குத்து. அது தட்டை மூன்றாகப் பிரிக்கிற திஸ்ர நடை. நான்காகப் பிரித்த தட்டில்தான் முக்காலுக்கு ஒரு வீடு உண்டு. மூன்றாகப் பிரித்த தட்டில் முக்கால் என்பது எந்த மாத்திரையிலும் விழாது. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் குத்துப்பாட்டில் மாத்திரைகள் 167-இலும் 333-இலும் விழும். தாசரின் எதிரொலி 375-இல், 333-க்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில், நின்றுபோன பேருந்தில் இருந்து இறங்கியவரைப் போல நிற்கும். வேகம் மாறவே மாறாத இயந்திரத்தோடு வாசித்தாலும் இந்தத் தவறு மாறாது; ஏனெனில் தவறு வேகத்தில் இல்லை, நடையில் இருக்கிறது. அவர் போட வேண்டியது மூன்றில் இரண்டு. நம் பழைய பின்ன வாய்பாட்டில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் கிடையாது, உண்மைதான். ஆனால் பறையடிப்பவர் வாய்பாட்டைப் பார்த்து அடிப்பதில்லை. யூ2-வின் டப்ளினில் சரியாக இருந்த முக்கால், திருப்பாதிரிப்புலியூரில் ஏன் இடிக்கிறது என்று தாசர் பெடலை மாற்றுகிறார், வயரை மாற்றுகிறார், அடாப்டரை மாற்றுகிறார். பின்னத்தை மட்டும் மாற்றுவதில்லை.

மைக் செட்காரருக்கு வருவோம். விழாவின் உண்மையான டிலே நிபுணர் அவர்தான், காசும் கேட்பதில்லை. கூம்புக் குழாய் கூடாது என்று காவல்துறை அவ்வப்போது சொன்னாலும், திடலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டாமல் அம்மன் விழா நடப்பது அரிது. மின்சாரம் எல்லாக் குழாய்க்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்கிறது. சத்தம் அப்படி இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது செகண்டுக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் நடக்கும். குழாய்களுக்கு நடுவே 35 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயின் கீழே நின்று கேட்பவருக்கு அந்தக் குழாயின் சத்தம் முதலில் வரும். அடுத்ததன் சத்தம் 100 மில்லி செகண்ட் கழித்து, சற்றுக் குறைவாக. அதற்கடுத்தது 200 கழித்து, இன்னும் குறைவாக. டைம் 100, எதிரொலி இரண்டு, ஒவ்வொன்றும் தேய்ந்து வரவேண்டும் என்று ஒரு பெடலைத் திருகி வைத்தால் என்ன கிடைக்குமோ, அச்சு அசலாக அது. பாடகரின் குரல், பேட், கீபோர்டு, நன்கொடையாளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. தாசர் பாடுபட்டு வைத்த 375-க்கு நிகரான தூரம் 131 மீட்டர். அது பெரும்பாலும் தெருமுனைப் பெட்டிக்கடை. அங்கே நின்று சோடா குடிப்பவருக்கு எதிரொலி பாட்டிலிருந்தா, பெடலிலிருந்தா, பால்வாடிப் பக்கத்துக் குழாயிலிருந்தா என்று பிரித்துச் சொல்லும் கடமை இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. அவர் எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் தாளமும் எதிரொலியும் சேர்ந்தேதான் பிந்தும். அவை ஒன்றுக்கொன்று கொண்ட உறவு மாறாது. முழுக்கச் சரி. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சுவரோ தெருவோ குழாய் வரிசையோ இல்லாமல் இரண்டே பெட்டி வைத்து நடக்கும் கச்சேரியில் தாசரின் கணக்கு, கடல்காற்று அனுமதிக்கும் மட்டும், கரை சேரும். ஆகவே தூரத்தை வைத்து மட்டும் அவரைத் தோற்கடிக்க நான் முயலவில்லை. முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்: பொன்னாடைக்குக் காத்திருக்கும் விழாக் கமிட்டியும், தூங்கிப்போன குழந்தைகளும். ‘அப்படியானால் யாருமே கவனிக்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு எழுத்து?’ என்று கேட்கலாம். கவனிக்கிறார்கள். ரசத்தில் பெருங்காயத்தைப் போல, சரியாக இருக்கும்போது யாரும் பேர் சொல்லிப் பாராட்டுவதில்லை. தவறும்போது ‘கிடாரு ஏதோ கலங்கலா இருக்குல்ல?’ என்று சுண்டல் விற்பவர்கூடச் சொல்லிவிடுவார்.

ஒரு வகைக் கச்சேரியில் மட்டும் தாசர் முழு வெற்றி பெறுகிறார். பேட்காரரும் பாஸ்காரரும் வரமுடியாத நாளில், பென்டிரைவில் டிராக்கைப் போட்டு, அதன்மேல் பாடகரும் அவரும் மட்டும் நிற்கும் கச்சேரி. டிராக் 112 என்றால் கடைசிவரை 112. எதிரொலி ஆணியடித்த மாதிரி விழும். பெரிய மேடைக் குழுக்களும் இதைத்தான் வேறு விதமாகச் செய்கின்றன. ட்ரம்மரின் காதுக்குள் க்ளிக் ஓடும், மொத்தக் குழுவும் அதற்குக் கட்டுப்படும், எதிரொலிக்கு இடம் உறுதி. ஆக, தாசரின் எண் நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டுமானால், ஒன்று மனிதர்கள் மேடையை விட்டு இறங்க வேண்டும், அல்லது மேடையிலேயே இயந்திரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும். தன் கணக்கு இத்தனை நாள் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார், பேட்காரர் அவருக்குத் தூரத்து மாமன் முறை.

இதையெல்லாம் சிதம்பரத்தில் வைத்துப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. கோபுர வாசல்களில் நூற்றெட்டுக் கரணங்கள் கல்லில் நிற்கும் ஊர். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர். 1929-இலேயே இசைக் கல்லூரி கண்ட அண்ணாமலை நகர் ஒட்டியிருக்கும் ஊர். இங்கே தாளத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நட்டுவாங்கம் செய்பவரின் கையில் இரண்டு சின்ன உலோகத் தாளங்கள் இருக்கின்றன. கண் ஆடுபவரின் பாதத்தில் இருக்கிறது. மல்லாரியை நாகசுரத்தில் மூன்று காலங்களில் வாசிக்கும்போது இரண்டாம் காலம் முதல் காலத்துக்குத் துல்லியமாக இரட்டிப்பு. ஆனால் முதல் காலம் நிமிடத்துக்கு எத்தனை என்று எந்தச் சுரத்தாளிலும் எழுதியிருக்காது. அதை அன்றைய புறப்பாடும் தவில்காரரின் தோளும் தீர்மானிக்கும். விகிதம் கறார், வேகம் பேசித் தீர்த்துக்கொள்வது. தொல்காப்பியரும் மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றுதான் அளந்தார். இலக்கணமென்றால் விட்டுக்கொடுக்காதவர், அளவுகோலை மட்டும் ஆளின் உடம்பிலேயே விட்டுவைத்திருக்கிறார். இதற்குக் கறார் போதவில்லை என்று பொருளல்ல. எந்த இடத்தில் கறார் வேண்டும் என்று தெரிந்திருந்தது என்று பொருள்.

அதற்காகப் பெடலைத் தூக்கிக் கெடிலத்தில் போடு என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. தாசரிடம் குழுவில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: பாட்டு எங்கே ஓடியது என்பதற்கான சாட்சி. பாடகர் தான் நிதானமாகப் பாடியதாகச் சத்தியம் செய்வார். பேட்காரர் பாடகர்தான் தூக்கினார் என்பார். கீபோர்டுக்காரர் அப்போது டீ வாங்கப் போயிருந்ததாகச் சொல்வார். பெடல் மட்டும், முதல் தட்டில் போட்ட ஒப்பந்தத்தை மறக்காமல், 402-இலேயே நின்றுகொண்டிருக்கும். எதிரொலி தாளத்தை விட்டு விலகும் கணம், குழு தாளத்தை விட்டு விலகிய கணம். அதாவது அவர் காலடியில் இருப்பது நல்ல தெர்மாமீட்டர். அதைக் காய்ச்சலுக்கு மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் நம் வழக்கு. எதிரொலி பிந்துகிறது என்றால் அவர் செய்ய வேண்டியது குனிந்து குமிழைத் திருகுவதல்ல. நிமிர்ந்து பேட்காரரைப் பார்ப்பது. ஆனால் குனிந்த தலை நிமிர்வதே இல்லை. ஒரு கச்சேரி முழுக்க அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. உச்சி வகிட்டை எல்லோருக்கும் தெரியும்.

நடைமுறை யோசனை கேட்டால் இரண்டு சொல்லலாம். எதிரொலியை ஒன்றோ இரண்டோ போதும் என்று குறைத்து, சத்தத்தையும் தாழ்த்தி வைத்தால் பாட்டு நான்கைந்து எண் ஏறினாலும் காது பொறுத்துக்கொள்ளும். இது அரை நிமிட வேலை. இரண்டாவது, பாட்டு தொடங்குமுன் பேட்காரரிடம் போய் நடை என்னவென்று கேட்டுவிடுவது. அவரும் இருபது வருஷமாக மேடையில் இருப்பவர், மறைக்கமாட்டார். சாம்பிள் பொத்தானைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, இது தகதிமி இல்ல, தகிட. சும்மா கூட வா, கணக்கெல்லாம் போடாத” என்பார். தாசர் பணிவானவர். தலையாட்டுவார், தன் இடத்துக்குப் போவார், குமிழில் கை வைப்பார், பிறகு ஏதோ விட்டுப்போன மாதிரி திரும்பி வருவார்.

“சரிண்ணே. அந்தத் தகிட எத்தனை பி.பி.எம்.?”